தாய் தகப்பன் இருவரையும் நேரில் பார்க்கலாம்

நாய் விற்கிற விளம்பரத்தில் பொய் சொல்லாத ஒரே ஜீவன் அந்த நாய்தான். போட்டோவில் அது பாட்டுக்குத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும். சுற்றி இருக்கிற எழுத்து மொத்தமும் புளுகு. "ஒரிஜினல் பிரீட்", "அப்பா சாம்பியன்", "அம்மா இறக்குமதி", "இன்னும் ரெண்டே பீஸ்". இந்த ரெண்டே பீஸ் மட்டும் மாசக்கணக்கில் ரெண்டே பீஸாக இருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. புதுச்சேரியில் நாய் விளம்பரத்தில் உண்மையை எழுதிய முதல் ஆள் நான்தான். (வேறு யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால் என்னிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன்.) அந்த உண்மை விளம்பரத்துக்கு நட்ட நடுவில் ஒரு முழுப் பொய் உட்கார்ந்திருந்தது என்பதும், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க வெளியே வந்தது என்பதும் வேறு விஷயம். மானம் போன கதைதான். ஆனாலும் எனக்கு இதில் இருக்கிற பெருமை வேறு எதிலும் கிடையாது.

எல்லாம் மாமாவால் வந்தது. மாமா என்றால் அக்கா புருஷன். தவளக்குப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஜெர்மன் ஷெப்பர்ட் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஆன்லைனில் விளம்பரம் பார்த்தார். சிவப்பு சோபாவில் ஒரு குட்டி, ரெண்டு காதும் விறைப்பாக நின்றுகொண்டு. (அதே சோபாவும் அதே குட்டியும் வேறு வேறு போன் நம்பரோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குட்டி இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.)

விற்றவன் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பிலேயே ஒரு அட்டைப் பெட்டியில் துண்டு சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "அம்மா நாய் எங்கப்பா?" என்று மாமா கேட்டிருக்கிறார். "ஊருக்குப் போயிருக்குண்ணே" என்றானாம். மாமாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டார்.

குட்டிக்கு டைகர் என்று பெயர் வைத்த பிறகுதான் அது பெண் என்று அக்கா கண்டுபிடித்தாள். காது நிற்கவில்லை. மாமா காதுக்குப் பிளாஸ்திரி போட்டார், பால் கொடுத்தார், முட்டை கொடுத்தார். "நாளைக்கு நிக்கும் பாரு" என்று தினமும் சொன்னார். நாய் வளர்ந்தது, வாலும் வளர்ந்தது, காது மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் பஞ்சர் போட்டு முடிக்கிற வரைக்கும் டைகரைப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் மாமா அதைக் கொண்டுவந்து குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் விட்டார். "கடல் காத்து பட்டா காது நின்னுடும் மச்சான்" என்றார்.

காது நிற்கவில்லை. ஆனால் டைகர் நாலு குட்டி போட்டது.

அப்போது நான் எம்.காம். முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்த காலம். கல்லூரியில் நுகர்வோர் உரிமை பற்றிய பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளர். (கலந்துகொண்டதே ரெண்டு பேர்தான். அது எதுக்கு இப்போ.) அந்த டம்ளரில் காபி குடிக்கிறவனுக்கு இருக்கிற மிதப்பு உங்களுக்குத் தெரியாது.

குட்டிகளைப் பார்க்க வந்த மாமா போனை எடுத்தார். "மச்சான், அந்த சோபா போட்டோ எங்கிட்டயே இருக்குது. அதையே போட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டின்னு எழுதிடலாம். நாலும் பறந்துடும்."

எனக்கு வந்ததே கோபம். "உங்கள ஏமாத்துனவன் செஞ்சதையே நீங்களும் செய்வீங்களா மாமா? வாங்குறவங்களுக்கு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்குது!"

"உரிமையா? உண்மைய எழுதினா ஒரு குட்டி போவாது. நாலையும் நீயே மடியில போட்டுக்கினு பரீட்சைக்குப் படி."

"போவும்."

"சரி, ஞாயித்துக்கிழம வரைக்கும் உன் விளம்பரம். அதுக்குள்ள ஒண்ணாவது போவலன்னா என் சோபா."

இப்படித்தான் நாலு குட்டிகளின் வருங்காலமும் என் மரியாதையும் ஒரே விளம்பரத்தில் வந்து மாட்டிக்கொண்டன.

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தாயைப் பற்றி எழுதுவது சுலபம், எதிரிலேயே படுத்திருந்தது. தகப்பன் யார்? அம்மாவைக் கேட்டேன்.

எங்கம்மா மீன் விற்கிறவர். காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு நாலு தெரு சுற்றி வந்துவிடுவார். வாய் அப்படி. எங்கம்மாவோடு பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் குருசுக்குப்பத்தில் கிடையாது. கேட்டதும் ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னார்.

"வேற யாரு? முசே வூட்டு பிஜூதான்."

முசே எங்கள் பக்கத்துத் தெரு. (பிரெஞ்சில் முசே என்றால் ஐயா. எங்கள் பக்கம் அதுவே பெயராகிவிடும்.) பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், பென்ஷன் அங்கேயிருந்து வருகிறது. பெரிய மாடி வீடு. பிஜூ அவர் வளர்க்கிற லாப்ரடார். பால் நிறத்தில் மெழுமெழுவென்று இருக்கும். அதற்குத் தமிழ் தெரியாது, பிரெஞ்சுதான். "அசி" என்றால் உட்காரும், "உக்காரு" என்றால் உங்களைப் பார்த்துப் பரிதாபப்படும்.

"நிச்சயமாம்மா?"

"நாந்தான் பாத்தேனே. மத்தியானத்துல நம்ம வூட்டு வாசல்ல ரெண்டும் ஒண்ணா ஒக்காந்து காத்து வாங்கிட்டு இருந்துச்சு. அதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும் உனக்கு?"

எனக்கு எந்த அத்தாட்சியும் வேண்டியிருக்கவில்லை. லாப்ரடார் என்றால் விளம்பரத்துக்கும் நல்லது, அம்மாவுக்கோ பெரிய வீட்டுச் சம்பந்தம். குட்டிகள் நாலும் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தன. நாலுக்கும் முன்னங்காலில் இடது கால் மட்டும் வெள்ளை, சாக்ஸ் போட்டது போல. பிஜூவிடம் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் நிறம் போகப் போக வெளுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காது நாளைக்கு நிற்கும் என்று சொன்ன மாமாவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்தான்.

விளம்பரம் இதுதான். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"நாலு குட்டிகள். எட்டு வாரம் முடிந்தது. அதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. தாய் டைகர்: ஜெர்மன் ஷெப்பர்ட் என்று நம்பி வாங்கியது, அல்ல. தகப்பன்: லாப்ரடார், நல்ல குடும்பம். தாய் தகப்பன் இருவரையும் நேரில் பார்க்கலாம். முதல் தடுப்பூசி போட்டாயிற்று, டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை உண்டு. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. குறைகள்: ஒன்று ஊளையிடும். ஒன்று செருப்பைத் தின்னும். ஒன்று தட்டில் இருப்பதை மற்றவற்றுக்கு விடாது. நாலாவது பயந்தாங்கொள்ளி, குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம், திட்ட மாட்டோம்."

சோபா இல்லாமல், சிமென்ட் தரையில், குட்டிகள் அழுக்காக இருந்த மாதிரியே போட்டோ எடுத்து, ஆன்லைனில் எங்கள் ஊர்க்காரர்கள் நாய் வாங்கி விற்கிற குரூப்பில் போட்டேன்.

குரூப்பில் உடனே பதில் வர ஆரம்பித்தது. "அண்ணே, நாயை விக்கிறீங்களா, இல்ல நாய் மேல புகார் குடுக்கிறீங்களா?" என்று ஒருவர். "நல்ல குடும்பம்னா மாசச் சம்பளமா?" என்று இன்னொருவர். சிரிக்கிற பொம்மை போட்டவர்களை எண்ணி மாளாது. மாமா தவளக்குப்பத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்பிவைத்தார், நான் பார்க்காமல் விட்டுவிடப் போகிறேனே என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வந்தது. வசந்தி என்று பெயர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். குரலில் சிரிப்பே இல்லை.

"நெஜமாவே தாய் தகப்பன் ரெண்டையும் காட்டுவீங்களா?"

"நிச்சயமா."

அதற்கு மேல் அவரே சொன்னார். "போன தடவ ஒரு விளம்பரத்த நம்பி அப்பாவுக்குக் குட்டி வாங்கித் தந்தேன். ஊசி போட்டாச்சுன்னு எழுதியிருந்தான், போடவே இல்ல. ஒரு வாரம்கூட இருக்கல. அப்பா மடியிலயே செத்துப்போச்சு. அந்தக் கிண்ணத்த இன்னும் கழுவி கழுவி வாசல்ல வெக்கிறாரு. இனிமே நாயே வேணாம்ங்கிறாரு. உங்க விளம்பரத்தப் படிச்சுக் காட்டினேன். கட்டிலுக்கு அடியில போயிடும்ன்ற எடத்துல மொத தடவையா சிரிச்சாரு. அதான் கூட்டிக்கிட்டு வரேன்."

போட்டி, டம்ளர், மாமா எல்லாம் மறந்துபோயின. அந்தப் பெரியவர் வெறுங்கையோடு திரும்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முசே வீட்டுக்குப் போனேன். "நாளைக்குக் காலையில பிஜூவ கூட்டிக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் நம்ம வீட்டுக்கு வர முடியுமா முசே? சின்ன விசேஷம்." உண்மை விளம்பரம் எழுதியவன், அந்த விசேஷம் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. மாமா முதலிலேயே வந்து, சோபா போட்டோவைத் தயாராக வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். வீட்டுக்குள் வஞ்சிரம் வறுபட்டுக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, மஞ்சள் கிழங்கு.

"என்னம்மா இது?"

"சம்பந்தி மொத மொத நம்ம வூட்டுக்கு வராரு. சும்மா வாங்கன்னா சொல்ல முடியும்?"

நான் அதைப் பிடுங்கி உள்ளே வைப்பதற்குள் வசந்தியும் அவர் அப்பாவும் வந்துவிட்டார்கள். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். ஒல்லியான மனிதர், குட்டிகள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் மனசு கொடுத்துவிடுவோம் என்கிற பயம் முகத்தில் தெரிந்தது. வசந்தி தடுப்பூசி அட்டையை வாங்கி வரிவரியாகப் படித்தார். டைகரின் பல்லைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "தாய் சரி" என்றார். "தகப்பன்?"

அந்த நேரம் பார்த்து முசே வந்தார். வெள்ளை பேன்ட், வெள்ளை சட்டை, தொப்பி, கையில் ஒரு கேக் டப்பா. பிஜூ கழுத்தில் நீல ரிப்பன். விசேஷம் என்று நான் சொன்னதை மனிதர் அப்படியே நம்பி வந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி!" என்று அம்மா தாம்பாளத்தை நீட்டினார்.

முசே தாம்பாளத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் பையனுங்கதானே. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சே" என்றார்.

"பிள்ளைங்களுக்கு இல்ல சம்பந்தி. நம்ம பிஜூக்கு!"

பிஜூவை டைகர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். டைகர் பல்லைக் காட்டி உறுமியது. பிஜூ முசேயின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "வெக்கம்" என்றார் அம்மா. வசந்தியின் புருவம் ஏற ஆரம்பித்தது. முசே, "என்னப்பா நடக்குது இங்க?" என்று கேட்டார். நான் எச்சில் விழுங்கிக்கொண்டு, "இந்தக் குட்டிங்களுக்கு நம்ம பிஜூதான் முசே தகப்பன்" என்றேன்.

முசேயின் முகம் சிவந்தது. "மோன் தியு! கடவுளே! பிஜூவா? குட்டியா இருக்கும்போதே டாக்டர்கிட்ட காட்டி ஆபரேஷன் பண்ணியாச்சேப்பா! எங்க பையன் மேல அநியாயமா பழி போடுறியே!"

உள்ளே அடுப்பில் மீன் அது பாட்டுக்கு வறுபட்டுக்கொண்டிருந்தது.

அந்த மீன் வாசனைதான் அடுத்த ஆளைக் கூட்டிவந்தது.

கடற்கரையில் ஒரு நாய் உண்டு. ஒரு கண் போய்விட்டது, காதில் பாதி இல்லை. ஒத்தக்கண்ணன் என்று பெயர். தினமும் அம்மாவின் கூடைக்குப் பின்னாலேயே வரும், தினமும் அம்மா அதை வண்டை வண்டையாகத் திட்டித் துரத்துவார். அது வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தது. கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான உடம்பு. மீன் கேட்டு இடது முன்னங்காலைத் தூக்கியது. சாக்ஸ் போட்டது போல வெள்ளையாக இருந்தது.

டைகர் உறுமவில்லை. எழுந்து போய் அதன் மூக்கை மோந்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. நாலு குட்டிகளும் உருண்டு புரண்டு ஓடி அதன் மேல் ஏறின. நாலு வெள்ளைக் கால், அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கால். மேற்கொண்டு யாரும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது, அதில் யாரோ விசிலடித்தார்கள். பயந்தாங்கொள்ளி உடனே கட்டிலுக்கு அடியில் போனது. எனக்கும் அங்கேதான் போகத் தோன்றியது.

மாமா நாற்காலியிலிருந்து கீழே விழாத குறை, அப்படிச் சிரித்தார். "நல்ல குடும்பம், மச்சான்! நல்ல குடும்பம்!"

வசந்தி சிரிக்கவில்லை. அட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். "நீங்களுமா?" என்றார். அவ்வளவுதான். மாமா சிரித்ததில்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. வசந்தி அப்பாவைக் கையைப் பிடித்து எழுப்ப ஆரம்பித்தார்.

அம்மா என் காதோரம் வந்து, "டேய், ஆபரேஷன் சரியா ஆவலன்னு சொல்லிடுடா" என்றார். (எங்கம்மா கடைசி வரைக்கும் பெரிய இடத்தை விடுவதாக இல்லை.)

எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தியமாக. ஆனால் போனை எடுத்தேன். அத்தனை பேர் எதிரிலும் விளம்பரத்தைத் திறந்து, திருத்தத் திருத்த வாய்விட்டுப் படித்தேன்.

"தகப்பன் லாப்ரடார் என்று எழுதியது தப்பு. தகப்பன் கடற்கரை ஒத்தக்கண்ணன். ஒரு கண் இல்லை, அரைக் காது இல்லை, குடும்பம் கிடையாது. லாப்ரடார் என்று யாரும் வர வேண்டாம். பிஜூவிடமும் அவங்க வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியவனுக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மற்ற விவரங்கள் எல்லாம் நிஜம். தாய் தகப்பன் இருவரையும் நேரில் பார்க்கலாம்."

அனுப்பிவிட்டு வசந்தியின் அப்பாவிடம் சொன்னேன். "ஐயா, உங்கள ஏமாத்தணும்னு எழுதல. விசாரிக்காம எழுதிட்டேன். வேணாம்னா போயிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் மெதுவாக நடந்து வாசற்படிக்குப் போய் ஒத்தக்கண்ணன் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அதன் போன கண்ணைப் பார்த்தார், விலாவைத் தடவினார். முதல் தடவையாகப் பேசினார்.

"இதுக்கு யாரு ஊசி போட்டாங்க, யாரு சோறு வெச்சாங்க? மழையிலயும் வெயில்லயும் ரோட்லயே கெடந்து இத்தினி வருஷம் பொழச்சிருக்குதே." பிறகு மகளை அண்ணாந்து பார்த்தார். "இதோட ரத்தம்னா, அது சாவாதும்மா."

வசந்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் எழுந்து உள்ளே வந்து, தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்தப் பயந்தாங்கொள்ளியை வெளியே எடுத்தார். அது அவர் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அவர் அதை அதற்கப்புறம் கீழே விடவே இல்லை.

முசே தொப்பியைக் கழற்றி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "சரி சரி, கேக் கொண்டாந்திருக்கேன், வெட்டலாமா?" என்றார். வெட்டினோம். மாமா ஒரு துண்டு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த சோபா போட்டோவை என் கண் எதிரிலேயே அழித்தார். "என்னை ஏமாத்துனவன் உன்ன மாதிரி ஒரு தடவ திருத்தி எழுதியிருந்தா, டைகரை நான் தவளக்குப்பத்துலயே வெச்சிருந்திருப்பேன் மச்சான்" என்றார். மாமா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

திருத்திய விளம்பரத்தை ஜனங்கள் சிரித்துச் சிரித்தே ஊரெல்லாம் அனுப்பினார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் நேரில் வந்தார்கள். மிச்சக் குட்டிகளும் நல்ல இடங்களுக்குப் போயின. குரூப்பை நடத்துகிறவர் எனக்குப் போன் செய்து, "தம்பி, அந்தக் குறைகள்னு போட்டிருக்கீங்களே, அத எல்லாரும் எழுதணும்னு சொல்லப் போறேன்" என்றார். இப்போது அங்கே தடுப்பூசி அட்டை இல்லாமல், தாயை எங்கே பார்க்கலாம் என்று எழுதாமல் யாராவது விளம்பரம் போட்டால், அடுத்த நிமிஷம் யாராவது கேட்பார்கள்: "அம்மா ஊருக்குப் போயிருக்கா?" அந்தக் கேள்வியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மார்பு விம்மும். டம்ளரை மாமாவே எடுத்துக்கொண்டு போய்விட்டார், பஞ்சர் கடையில் டீ குடிக்க. போகட்டும்.

ஒரே ஒரு சிக்கல். தகப்பனை நேரில் பார்க்கலாம் என்று எழுதிவிட்டேனா? அந்த மூன்று பேர் வருகிற வரைக்கும் ஒத்தக்கண்ணன் கடற்கரைக்கு ஓடிவிடக் கூடாது. அதனால் அம்மா வேறு வழியில்லாமல் அதற்குத் தினமும் மீன் தலை போட்டார். குட்டிகள் எல்லாம் போன பிறகும் அது போகவில்லை. அம்மாவும் துரத்தவில்லை. ஊசி போட்டோம், ஆபரேஷனும் பண்ணியாயிற்று. (டைகருக்கும்தான். அம்மாவுக்குப் புதுச் சம்பந்தம் தேடுகிற எண்ணம் கிடையாது.)

முசே மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிஜூவோடு வந்துவிடுகிறார். இன்னும் சில பேர் அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு, குட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தகப்பனை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று போன் செய்கிறார்கள். "தாராளமா வாங்க, வாசப்படியிலதான் படுத்திருக்கும், தாண்டித்தான் உள்ள வரணும்" என்பேன்.

தாண்டத் தேவையிருப்பதில்லை. யாராவது வாசலில் வந்து தயங்கி நின்றால் போதும், எங்கம்மா, குருசுக்குப்பத்தில் ஒருத்தருக்கும் மரியாதை கொடுக்காத எங்கம்மா, உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

"சம்பந்தி, ஆள் வந்திருக்காங்க பாருங்க. கொஞ்சம் நவுந்து படுங்க."